வீட்டுக்கு ஒராள்

இல்லை அக்கா, நான் கலியாணம் கட்டவில்லை. மாங்குளத்தில் ஏறின நேரம் தொடக்கம் என் கழுத்தையே பார்த்துக்கொண்டு வாறீங்கள். நான் கயிற்றைச் சட்டைக்குள் தள்ளித் தள்ளி விடுறேன், நீங்களும் விடுகிறதாயில்லை. கண்ணால் கேட்கிறதை விட வாயால் கேட்கிறது மரியாதை. எனக்குப் பதினேழு வயசு. ஓ.எல் சோதனையில் கணிதம் ஓடவில்லை, பள்ளிக்கூடத்தை விட்டாச்சு. வவுனியாவில் ஒரு தையல் பக்டரிக்கு வேலைக்குப் போறேன். மாப்பிள்ளை என்று ஒருத்தரும் இல்லை. இது அம்மா கட்டினது. வெறும் கயிறு, நடுவில் ஒரு மஞ்சள் துண்டு. தாலிகூட இல்லை.

ஓமந்தை தாண்டும் மட்டும் கழட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கித்தான் என்னை பஸ் ஏற்றினவா. ஓமந்தையில் என்ன இருக்கு? ஒரு ஸ்டேஷன், நாலு கடை. சண்டைக் காலத்தில் அதுதான் எல்லையாம். இங்காலை இயக்கம், அங்காலை ஆமி. அதைத் தாண்டிவிட்டால் பிள்ளை தப்பிவிட்டது என்று அர்த்தமாம். இப்ப அதில் மாடுதான் படுத்திருக்கு. சொன்னால் அம்மா கேட்கிறாவா?

வவுனியா போகும் மட்டும் நேரம் கிடக்கு, சொல்றேன். ஊரில் சொல்ல ஏலாது. ஊரில் எல்லாரும் ஒரு முடிவோடுதான் கதை கேட்பார்கள்.

எங்கள் ஊர் நாவற்கேணி. ஊரில் பாதி ஆமி காம்ப். மிச்சப் பாதி காம்புக்கு வேலை செய்கிறது. பகிடிக்குச் சொல்லவில்லை. முன்பள்ளி காம்ப் கட்டினது. தண்ணீர்த் தாங்கி காம்ப் கட்டினது. கச்சான் கடலை, பப்பாசி, மாடு என்று பெரிய பண்ணை, அதுவும் காம்பின் பண்ணை. அம்மா அதில் எட்டு வருசம். காலமை ஆறு மணிக்கு யூனிபோம் போட்டு, வரிசையில் நின்று, பெயர் கூப்பிட "ஓம் சேர்" சொல்லிவிட்டு, பிறகு போய்க் கச்சானுக்குள் புல்லுப் பிடுங்குவா. புல்லுப் பிடுங்க என்னத்துக்கு யூனிபோம் என்று நான் கேட்டால், "வாயை மூடடி, சம்பளம் மாசம் மாசம் வருது" என்பா. அப்பா கடைசிச் சண்டையில் செல் பட்டுச் செத்தார். எனக்கு அப்ப இரண்டு வயசு. ஆகவே அம்மாவின் சம்பளம்தான் எங்களுக்குச் சோறு.

காம்புக்குப் பெரியவர் ஒரு கேணல். நல்ல மனுசன். நான் போட்டிருக்கிற இந்தக் கண்ணாடி அவர் கொடுத்தது. ஆனால் கொடுக்கிற நேரம் ஒரு ஆமிக்காரன் படம் எடுப்பான். கண்ணாடி வாங்கினால் படம், சைக்கிள் வாங்கினால் படம், கொப்பி வாங்கினாலும் படம். கமரா இல்லாத நாளில் அந்த மனுசன் ஒரு பனடோல் கொடுத்தும் நான் காணவில்லை. சிரிக்கச் சொல்வார்கள், சிரிப்போம். எனக்கு அதில் பிரச்சினை இல்லை. கண்ணாடி போட்டதுக்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுத்து இருக்கிறதே தெரிந்தது. அப்பவும் கணிதம் ஓடவில்லை, அது வேற கதை.

இந்த வருசம் அவர் ஆமியை விட்டுவிட்டுத் தேர்தலில் நிற்கப் போகிறார் என்று கதை வந்தது. எனக்கு விளங்கவில்லை. பண்ணையில் ரத்னசிறி சார்ஜன் என்று ஒருவர், தமிழ் கதைக்கிற ஒரே ஆமிக்காரர், தங்கச்சி என்கிறதுக்கு மட்டும் நங்கி என்பார். அவரிடம் நேரே கேட்டேன்.

"துவக்கு உங்களிட்ட. காணி உங்களிட்ட. தண்ணீர்த் தாங்கித் திறப்பும் உங்களிட்ட. பேந்து என்னத்துக்கு பெரியவருக்கு வோட்டு?"

அவர் பப்பாசிக்குப் பேப்பர் சுற்றிக்கொண்டிருந்தார். சிரித்தார்.

"நங்கி, துவக்கு காட்டினா ஆள் வரும், வரிசையில நிக்கும். கை தட்டாது. கை தட்டாட்டி கொழும்பில சீட் இல்லை."

"அப்ப பெரியவருக்கு எங்களில பயமோ?"

"பயம் இல்லை நங்கி. தேவை. பயத்திலும் பார்க்கக் கஷ்டம் அது."

அதுக்காகத்தான் பிரியாவிடை விழா. பெரியவர் போகிறார், தமிழ்ச் சனம் அழுகிறது. அதுதான் அவர்களுக்கு வேண்டிய படம். நான் ஊகத்தில் சொல்லவில்லை, இரண்டு தரம் ஒத்திகை பார்த்தார்கள். மாலை போட இருபது பேர். பூத் தூவப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அழுவதற்குப் பண்ணையிலிருந்து ஐந்து பெண்கள். அதில் முதல் பெயர் அம்மாவுடையது.

சிரிக்காதேங்கோ. அம்மாவுக்கு அழுகை கையோடு இருக்கும். சாமிப் படத்தைப் பார்த்தால் அழுவா. ரேடியோவில் மரண அறிவித்தல் போனால், யாரோ தெரியாத ஆளுக்கும் அழுவா. "பரமேஸ்வரி அக்காவைப் போடுங்கோ, அவ நல்லா அழுவா" என்று ஒரே குரலில் சொன்னார்களாம். ஒத்திகையிலேயே அழுது காட்டியிருக்கிறா. பெரியவர் போவதற்கு முன்னம் பண்ணை ஆட்களுக்கு நிரந்தர நியமனக் கடிதத்தில் கையெழுத்து வைப்பார் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதத்துக்காக அம்மா ஒரு கிழமை தொடர்ந்து அழச் சொன்னாலும் அழுதிருப்பா.

எல்லாம் சரியாய்த்தான் போனது. தவநேசன் அண்ணை வரும் மட்டும்.

அவர் பண்ணையில் மேற்பார்வை. முந்தி இயக்கத்தில் இருந்தவர், பிறகு புனர்வாழ்வு, பிறகு காம்பில் வேலை. ஒரு கால் கொஞ்சம் இழுத்து நடப்பார். நல்ல ஆள் அக்கா. மழை நாளில் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விடுவார். ஆனால் அம்மா அவரை ஒரு நாளும் வீட்டுக்குள் கூப்பிட்டதில்லை. ஒரு மிடறு தண்ணீர் கொடுத்ததில்லை. எட்டு வருசமாய் அவர் படலைக்கு வெளியில் நின்றுதான் கதைப்பார். ஏனம்மா இப்படி, பாவமெல்லே என்று ஒருக்கால் கேட்டேன். "உவன் ஒருக்கா உள்ளுக்கு வந்தவன். காணும்" என்றா. எப்ப வந்தவர் என்று எனக்குத் தெரியாது. நான் கண்டதில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவர் கொப்பியோடு வந்து படலையில் நின்றார்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டுக்கு ஒராள் கட்டாயம் வேணுமாம்."

"நான்தானே வாறன்" என்றா அம்மா. அரிசி புடைத்துக்கொண்டிருந்தா.

"நீங்கள் பண்ணைக் கணக்கு. வீட்டுக் கணக்குக்கு வேற ஒராள். பிள்ளையை விடுங்கோ."

சுளகு அப்படியே நின்றது.

"அவள் கலியாணம் கட்டிட்டாள்" என்றா.

நான் விறாந்தையில் இருந்து கச்சான் தின்றுகொண்டிருந்தேன். எனக்குப் புரைக்கேறிவிட்டது. "அம்மா, என்ன விசரே?" என்று கத்தினேன். அம்மா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. தவநேசன் அண்ணை கொப்பியை மூடினார், திறந்தார். பிறகு மெல்ல, "அக்கா, இது அதுக்கில்லை" என்றார். "விழாவுக்கு. இரண்டு மணித்தியாலம். சாப்பாட்டுப் பார்சலும் தருவினம். பெயர் இல்லாட்டிக் கடிதம் வராது அக்கா, எனக்காகச் சொல்லேல்லை."

"கட்டிட்டாள் எண்டு எழுது."

அவர் என்ன எழுதினாரோ தெரியாது. போய்விட்டார்.

எனக்குத் தெரியும் அக்கா, நான் ஒன்றும் தெரியாத பேய்ச்சி இல்லை. சண்டைக் காலத்தில் இயக்கம் வீட்டுக்கு ஒராள் என்று கேட்டதாம், கொடுக்காட்டிப் பிடித்ததாம். கலியாணம் கட்டினவர்களை விட்டுவிடுவார்களாம். அதுக்காகப் பதினாறு பதினேழு வயசிலேயே கண்டவனுக்கும் கட்டிக் கொடுத்தார்களாம். எனக்கு ஒரு அக்கா இருந்தவா, சுகிர்தா. படம் சாமித் தட்டில் கிடக்கு. அவாவுக்கும் மாப்பிள்ளை பார்த்து, நல்ல நாள் இரண்டு கிழமை தள்ளித்தான் வருகிறது என்று காத்திருந்தார்களாம். அதுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு திரும்பவில்லை. இது முழுக்க எனக்குப் பாடம். எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான், பெயர் மட்டும் வேற. ஆனால் அது அப்ப. அது இயக்கம், இது ஆமி. அது சண்டைக்கு, இது சாப்பாட்டுப் பார்சலுக்கு. இந்த வித்தியாசம் விளங்காதா ஒரு மனுசிக்கு?

ஞாயிறு விடிய என்னை எழுப்பிக் குளிக்க வார்த்து, தன்னுடைய கூறைச் சீலையைச் சுற்றி, வகிட்டில் குங்குமம் வைத்து, இந்தக் கயிற்றைக் கட்டினா. பஞ்சாங்கம் பார்க்கவில்லை. எதிர்வீட்டுச் சனம் வேலியால் எட்டிப் பார்க்குது. எனக்கு அழுகையும் ஆத்திரமும். "யாருக்கம்மா என்னைக் கட்டி வச்சிருக்கிறாய்? தூணுக்கோ?" என்று கேட்டேன். "ஒருத்தருக்கும் இல்லை. ஆர் வந்து கேட்டாலும் அவர் கடலுக்குப் போயிட்டார் எண்டு சொல்லு. வாசலில இரு. ஆக்கள் காணக்கூடியதாய் இரு" என்றா. எங்கள் ஊரிலிருந்து கடல் எவ்வளவு தூரம் தெரியுமா? பிறகு யூனிபோமைப் போட்டுக்கொண்டு அழப் போய்விட்டா.

நான் அரை மணித்தியாலம் வாசலில் இருந்தேன். எட்டு வருசம் வெயிலில் காய்ந்த மனுசி. ஒரு பெயர் குறைந்ததால் அந்தக் கடிதம் இல்லாமல் போகலாமா? அம்மாவுக்கு விசர் என்றால் வீட்டில் ஒருத்தருக்காவது புத்தி வேண்டும். சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மைதானத்தில் வீட்டுக்கு ஒராள் வீட்டுக்கு ஒராள் என்று வரிசை. பெரும்பாலும் என் வயசுப் பெட்டைகள், வெள்ளைச் சட்டையில். பெரிய ஆட்கள் வேலைக்குப் போயிருப்பார்கள்தானே. தவநேசன் அண்ணை கொப்பியோடு ஒவ்வொரு பெயராய்க் கூப்பிட்டுச் சரி போட்டுக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் பேனை நின்றது. கழுத்தைப் பார்த்தார்.

"உண்மையாய்க் கட்டிப்போட்டாவே?"

"பெயரைப் போடுங்கோ அண்ணை. யதுசிகா."

"பிள்ளை, பின்னுக்குப் போய் நில். கொம்மாவின்ர கண்ணில படாதை."

பின்னுக்கு நின்றால் என்ன தெரியும்? இவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்தது முதுகுகளைப் பார்க்கவா? நான் முன்வரிசையில் போய் நின்றேன்.

பெரியவர் மாலைகளோடு நடந்து வந்தார். பிள்ளைகள் பூத் தூவினார்கள். ஐந்து பெண்களும் சொல்லிக் கொடுத்த இடத்தில் சொல்லிக் கொடுத்த மாதிரி கண் துடைக்க லேஞ்சியை எடுத்தார்கள். அம்மாவும் எடுத்தா. அப்பதான் நிமிர்ந்து என்னைக் கண்டா.

வரிசை. என் பக்கத்தில் கொப்பியோடு தவநேசன் அண்ணை. எங்களுக்குப் பின்னால் ஆமி ட்ரக், விழாக் கதிரைகளை ஏற்ற வந்தது.

அம்மா வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் அதுக்கு முன்னம் அப்படிக் கேட்டதில்லை. மாடு கன்றுக்குக் கத்துற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கோ, ஆனால் அதுவுமில்லை. வரிசையை உடைத்துக்கொண்டு ஓடி, பெரியவரின் இரண்டு காலையும் பிடித்துவிட்டா.

"ஐயா, என்ர பிள்ளையை விடுங்கோ! அவள் கலியாணம் கட்டினவள்! கழுத்தைப் பாருங்கோ ஐயா! ஒருத்தியைத் தந்திட்டன், இவளை விட்டிடுங்கோ!"

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ரத்னசிறி சார்ஜனைத் திரும்பிப் பார்த்து என்னவோ கேட்டார். சார்ஜன் கமராக்களைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஒரு வசனம் சொன்னார். பெரியவரின் முகம் அப்படியே மாறிப்போச்சு. குனிந்து அம்மாவைத் தூக்கிக் கட்டிப்பிடித்தார். அவரின் கண்ணிலும் தண்ணீர். நடிப்பில்லை அக்கா, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கமராக்காரர் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அம்மா கத்தினதைக் கேட்டதும் வரிசையில் நின்ற, வேலி ஓரம் நின்ற, சாப்பாடு கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் குழறத் தொடங்கிவிட்டார்கள். ஒத்திகைக்கே வராத ஆட்கள்! மண்ணில் விழுந்து, நெஞ்சில் அடித்து, ஏதோ ஏதோ பெயர்களைச் சொல்லி. ஐந்து பேரை அழச் சொன்னதுக்கு ஐந்நூறு பேர் அழுதார்கள். எனக்கு வெட்கமாய்ப் போச்சு. அளவென்று ஒன்று வேண்டாமா?

பின்னேரம் சார்ஜனைப் பிடித்துக் கேட்டேன், அம்மா சொன்னதை எப்படி மொழிபெயர்த்தீர்கள் என்று.

"போகாதேங்கோ எண்டு சொல்றா எண்டு சொன்னன்."

"ஏன் பொய் சொன்னீங்கள்?"

"வேற என்ன நங்கி சொல்ல? அத்தனை கமரா நிக்குது." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "எனக்கும் ஒரு மகள் இருக்கு."

அவருக்கு மகள் இருக்கிறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த நாள் ரி.வி.யில், பேப்பரில், போனில், எல்லாத்திலும் அம்மா. தமிழ்த் தாயின் கண்ணீராம். சிங்களச் சனம் லட்சக்கணக்கில் பார்த்ததாம். எங்கள் சனமும் பார்த்தது. பேஸ்புக்கில் அம்மாவுக்கு என்னென்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? துரோகி என்கிறதுதான் அதில் மரியாதையானது. கனடாவில் இருக்கிற ஒருவர் கால் கழுவிக் குடிக்கிற சாதி என்று எழுதியிருந்தார். அவருக்கு நான் திருப்பி எழுதினேன், எழுதினதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையில் என்ன நடந்தது என்று அவருக்கும் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்கிறது? என்ர அம்மா ஆமியை இயக்கம் என்று நினைத்து அழுதவா என்றா? இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து அடிப்பார்கள்.

கடிதம் வந்தது. முதல் கடிதமே அம்மாவுக்குத்தான். எனக்குச் சந்தோசம். ஆனால் கடிதத்தோடு இன்னொன்றும் வந்தது. பெரியவரின் மேடைகளுக்கு அம்மா வர வேண்டும். பேசத் தேவையில்லை, பக்கத்தில் நின்று அழுதால் காணும்.

மூன்று மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அழுகை வரவில்லை. ஒரு சொட்டு வரவில்லை. அம்மா அடம்பிடிக்கவில்லை அக்கா, கண்ணைக் கசக்கிப் பார்த்தா, வெங்காயம்கூடக் கொண்டுபோனா. அன்றைக்கு மைதானத்தில் முடிந்தது முடிந்ததுதான். இப்ப மரண அறிவித்தல் போனாலும் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறா. மூன்றாவது மேடையில் பெரியவரின் ஆள் ஒருவன் காதுக்குள் "அழம்மா, அழம்மா" என்று ஊதுகிறான், அம்மா கல்லு மாதிரி நின்று சனத்தைப் பார்க்கிறா. முன்னால் கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தராய் நிறுத்திவிட்டார்கள். பெரியவர் வேர்வையைத் துடைத்ததை நான் கண்டேன்.

போன கிழமை தவநேசன் அண்ணை அடுத்த மேடைக்கு நாள் சொல்ல வந்தார். அம்மா யூனிபோமைத் தோய்த்து, ஸ்திரிக்கை போட்டு, மடித்து வைத்திருந்தா. கடிதத்தை அதுக்கு மேலே வைத்துப் படலைக்கு வெளியில் நீட்டினா.

"வீட்டுக்கு ஒராள் தந்தாச்சு தம்பி. உனக்குத் தெரியும்தானே. உன்ர கொப்பியில கிடக்கும், பார்."

எட்டு வருசத்தில் அன்றைக்குத்தான் அவரைத் தம்பி என்று கூப்பிட்டது. அவர் வாங்கினார். மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணாமல் ஒழுங்கை முடியும் மட்டும் உருட்டிக்கொண்டே போனார். பெற்றோல் இல்லையாக்கும்.

அவ்வளவுதான். எட்டு வருச வேலை, கையில் வந்த நிரந்தரக் கடிதம், ஒரு மடிப்பில் போச்சு. நான் கத்தினேன், சட்டியை எறிந்தேன். "நான் போனது உனக்காகத்தானே! எனக்கென்ன அந்த மைதானத்தில வேலை?" என்று கேட்டேன். அம்மா அடுப்பை மூட்டிக்கொண்டு, "நீ திரும்பி வந்திட்டாய்தானே" என்றா. கேட்ட கேள்விக்கு இது மறுமொழியா, நீங்களே சொல்லுங்கோ. இப்ப நான் பக்டரிக்குப் போறேன், அம்மா வீட்டில் இருக்கிறா, ஊர் எங்களோடு கதைக்கிறதில்லை, காம்பும் கதைக்கிறதில்லை.

ஆ, உந்தா, உந்தா, அந்த மதிலைப் பாருங்கோ! கண்டீங்களே? நீல நோட்டீஸ். பெரியவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுசி. அதுதான் அம்மா. ஓரத்தில் ஒரு கூறைச் சீலைத் தலைப்பு தெரியுமே, அது நான். என்னைப் பாதியாய் வெட்டிப்போட்டார்கள். வவுனியா போகும் மட்டும் இப்படி ஒட்டியிருக்காம். எத்தனை தரம் அம்மாவைப் பார்த்துக்கொண்டு போக வேண்டுமோ தெரியாது.

என்னவாம் கண்டக்டர்? ஓமந்தையோ? வந்துவிட்டதே?

சரி. கழட்டுவோம். பொறுங்கோ... மூன்று முடிச்சுப் போட்டிருக்கிறா, இறுகிப்போய்க் கிடக்கு. கத்தரிக்கோலா? உங்களிடம் இருக்கா? நகம் வெட்டுறதோ, அது காணும், தாங்கோ.

உதில் யார் ஏறுகிறது? ஆமிக்காரர். இரண்டு பேர், பையோடு. லீவில் வீட்டுக்குப் போகிறார்களாக்கும். என் வயசுதான் இருக்கும் ஒருத்தனுக்கு, மீசையும் சரியாய் முளைக்கவில்லை. பாவம்.

இந்தாங்கோ, உங்கள் நகவெட்டி. இல்லை, வெட்டவில்லை. வவுனியாவில் வெட்டிக்கொள்றேன், இப்ப பஸ் குலுக்குது.

என்ன பார்க்கிறீங்கள்? நான் ஒன்றும் வெளியில் எடுத்து விடவில்லை. கை பட்டுத் தானாய் வெளியில் வந்தது. கிடக்கட்டும் அக்கா. வேர்க்குது, சட்டைக்குள் கிடந்தால் கடிக்கும்.